மலைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

கூடலூர், தேனி மாவட்டம்
பங்குனி 26

அன்புள்ள சுந்தரா,

நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் போடாமல் இருந்தது என் தவறுதான், பொறுத்துக்கொள். முத்துவேல் மகள் திருமணத்தில் நேரிலேயே பேசிவிடலாம் என்றிருந்தேன். அன்றைக்கு ஏலக்காய் ஏலம் விழுந்ததால் என்னால் கிளம்ப முடியவில்லை. பந்தியில் நீ ரசத்துக்காக இரண்டாம் முறை உட்கார்ந்தாய் என்று முத்துவேல் தொலைபேசியில் சொன்னான். விடுதி நாளிலிருந்து நீ மாறவே இல்லையடா.

இந்தக் கடிதத்தை நான் குமுளியிலிருந்து எழுதவில்லை, கூடலூரில் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஐந்து வாரமாக நான் மட்டும் இங்கே தங்கி, காலையில் மலையேறி வேலைக்குப் போய், இரவில் இறங்கி வருகிறேன். கலாவும் மகளும் குமுளியிலேயே இருக்கிறார்கள். சண்டை ஏதும் இல்லை, பயப்படாதே. பதினாறு ஆண்டுகளாகக் கேரளத்தில் வாடகைக்கு இருந்த நாங்கள், மலைக்குக் கீழே குடிவந்து தினமும் போய்வர முடியுமா என்று பார்ப்பதற்காகவே இந்த ஏற்பாடு.

வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஆனால் தேக்கடிக்கு வரும் சுற்றுலாக்காரர்களுக்கு அறைகளாகப் பிரித்து விட்டால் எங்களிடம் மாதம் முழுவதும் வாங்குவதை ஒரு வாரத்தில் எடுத்துவிடலாம் என்று அவருடைய மகன் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறான். மே மாத முடிவுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அதே அளவு வீட்டுக்கு இன்று குமுளியில் பன்னிரண்டாயிரம் கேட்கிறார்கள். கூடலூரில், மொட்டை மாடியோடு, குழாயில் தண்ணீர் வரும் வீடு ஐந்தாயிரத்துக்குக் கிடைக்கிறது. இடம் வாங்குவதென்றால் வித்தியாசம் இன்னும் பெரிது: அங்கே எனக்குக் காட்டிய இடம் சென்ட் ஆறு லட்சம், இங்கே வடக்குப் பக்கம் தோட்டத்தை ஒட்டிய இடம் சென்ட் ஒன்றே முக்கால் லட்சம். பத்திரச் செலவு இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான். கேரளத்தில் முத்திரைத்தாள் எட்டும் பதிவு இரண்டுமாக நூற்றுக்குப் பத்து, தமிழ்நாட்டில் ஏழும் இரண்டுமாக ஒன்பது. மூன்று சென்ட் வாங்கி, கடன் போட்டு, இரண்டு அறை எழுப்பிவிடலாம் என்பது இந்தப் பக்கத்தில் மட்டுமே எனக்கு எட்டுகிற கனவு.

நீ கணக்கில் புலி, நான் போட்டதைச் சரிபார். ஒரு நாளைக்குப் போகவர முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இருபத்தாறு வேலை நாள். மலையேற்றத்தில் என் வண்டி லிட்டருக்கு நாற்பதுக்கு மேல் கொடுப்பதில்லை. கீழே பெட்ரோல் கேரளத்தைவிட நான்கைந்து ரூபாய் குறைவு என்பதால் இங்கேயே நிரப்பிக்கொள்கிறேன். அப்படியும் மாதம் இரண்டாயிரம் ஆகிறது. பிரேக் கட்டை, டயர் என்று ஓர் ஆயிரம். ஆக, வாடகையில் மிச்சமாகும் ஏழாயிரத்தில் நான்காயிரம் கையில் நிற்கும். ஏறுவதற்கு நாற்பது நிமிடம், இறங்க முப்பத்தைந்து நிமிடம் என்றால் மாதத்தில் முப்பத்திரண்டு மணி நேரம் சாலையில் போகிறது. அந்த நான்காயிரத்துக்காக நான் கொடுக்கும் விலை அதுதான்.

நேரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், என்னை உறுத்துவது அந்த மலைச்சாலை. லோயர் கேம்ப் வரைக்கும் வயலும் தென்னையும் திராட்சைப் பந்தலுமாக வண்டி தானாகவே போகும். அதற்குமேல் ஆறு கிலோமீட்டர், ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். மின் நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் சாலைக்கு அடியில் போகிற இரைச்சல் பாலத்தைக் கடக்கும்போது ஒவ்வொரு நாளும் என் கை தானாக பிரேக்கைத் தொடுகிறது. 2022 டிசம்பரில் சபரிமலைக்குப் போய்த் திரும்பிய ஆண்டிபட்டிப் பக்கத்துப் பக்தர்களின் வண்டி அங்கேதான் குழாய் மேல் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். கார்த்திகை பிறந்துவிட்டால் மகர விளக்கு முடியும்வரை அந்தச் சாலை நம்முடையதாக இருக்காது. கூட்டம் மிகுந்த நாள்களில் மேலே போகும் வண்டிகளைக் கம்பம் மெட்டு வழியாகச் சுற்றிவிட்டு, குமுளிச் சாலையை இறங்குகிறவர்களுக்கு ஒதுக்குவார்கள். அப்போது எதிரே ஏறுவது எவ்வளவு சிரமம் என்று பேருந்திலிருந்து பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் இல்லை.

போன வியாழக்கிழமை புற்றடியில் ஏலம் முடிந்து கணக்கு கட்டுவதற்குள் மணி ஒன்பதரை ஆகிவிட்டது. எல்லையைத் தாண்டியதும் மூடுபனி. வண்டி விளக்கை மஞ்சள் வெளிச்சமாகப் பனி திருப்பி அடித்ததே தவிர, சாலை தெரியவில்லை. இரண்டாம் கியரில் போட்டு, சாலையோரத்து வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு இறங்கினேன். மாதா கோயில் வளைவில் ஒரு சரக்கு லாரி நின்றிருந்தது, கருகிய பிரேக் வாசனை முகத்தில் அடித்தது. ஓட்டுநர் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, கைப்பேசி வெளிச்சத்தை ஆட்டிக்கொண்டு நடுச்சாலையில் நின்று எனக்கு வழி காட்டினார். "மெல்லப் போங்கண்ணே, கீழே பன்னி நிக்குது" என்றார். அவர் சொன்னபடியே நின்றது, குட்டிகளோடு. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் அது முதுகோடு ஒட்டியிருப்பது தெரிந்தது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு அந்தச் சாலை புதிதல்ல. உனக்குத் தெரியும், இருபத்தெட்டு ஆண்டுகள் விடியற்காலையில் தூக்குச்சட்டியோடு ஜீப்பில் ஏறி, வண்டன்மேடு பக்கத்துத் தோட்டத்தில் ஏலக்காய் எடுத்துவிட்டுப் பொழுது சாயத் திரும்பியவள். அந்தக் கூலியில்தான் நான் மதுரையில் உன்னோடு படித்தேன். இன்றைக்கும் காலையில் எனக்கு முன்னால் அந்த ஜீப்புகள் ஏறுகின்றன. பத்துப் பேர் உட்காரும் இடத்தில் அதற்கு மேலும் நெருக்கி உட்கார்ந்து, முந்தானையால் காதை மூடிக்கொண்டு பெண்கள் தூங்கியபடி போகிறார்கள். கீழே வீடு, மேலே வேலை என்று இந்தப் பள்ளத்தாக்கே வாழ்கிறது. அவர்களில் யாரும் என்னைப்போல் பெட்ரோலுக்கும் வாடகைக்கும் கணக்கு எழுதிப் பார்த்து இதைத் தேர்ந்துகொள்ளவில்லை.

சுந்தரா, இனி எழுதப் போவதுதான் ஐந்து வாரமாக எனக்குள் ஓடுவது. இது வெறும் பதினைந்து கிலோமீட்டர் தூரம் இல்லை, நடுவே மாநில எல்லை இருக்கிறது. திறந்திருக்கும்போது அது ஒரு சாலைத்தடுப்பும் இரண்டு காவலரும்தான். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு பிரச்சினையில் அது மூடியபோது நானும் கலாவும் குமுளியில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம்; தோட்டங்களில் இருந்த நம் ஆட்கள் காட்டு வழியாக நடந்து இறங்கினார்கள். என் முதலாளி, மலையாளி, அந்த நாள்களில் அரிசியும் பாலும் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார் என்பதையும் நான் மறக்க மாட்டேன். பிறகு 2020. அம்மா குளியலறையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டபோது நான் எல்லையில் அனுமதிச் சீட்டுக்காக நின்றேன். நான்கு நாள். கீழே கூடலூர் விளக்குகள் தெரிகின்றன, இறங்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியசாமி அண்ணன்தான் அம்மாவைக் கம்பம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

ஆகவே, மறுபடி எல்லை மூடினால் நான் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். மேலே இருந்தால் சம்பளம் வரும், அம்மா தனியாக இருப்பாள். கீழே இருந்தால் அம்மாவும் கலாவும் பிள்ளையும் ஒரே கூரைக்குள் இருப்பார்கள், அந்த மாதம் சம்பளம் இருக்காது. இரண்டில் எந்த இழப்பைத் தாங்கலாம் என்று நினைத்தபோது எனக்கு விடை உடனே கிடைத்தது. அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது.

மகள் விஷயமும் சேர்ந்திருக்கிறது. செல்வி வரும் ஜூனில் ஆறாம் வகுப்பு. தாதிப் படிப்போ டாக்டர் படிப்போ, மருத்துவமனை வேலைதான் வேண்டும் என்று ஒரே பிடியாக இருக்கிறாள். தமிழ்நாட்டில் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் ஏழரை விழுக்காடு ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறதல்லவா, அந்தக் கதவு அவளுக்குத் திறந்திருக்க வேண்டுமானால் இந்த ஆண்டே இங்கே சேர்க்க வேண்டும். ஆனால் அவள் இதுவரை படித்தது மலையாளத்தில். தமிழ் நான் வீட்டில் சொல்லிக்கொடுத்ததுதான். போன ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்திருந்தபோது பேருந்து நிலையத்தில் பெயர்ப் பலகையை விரலால் காற்றில் எழுதி எழுதிப் படித்தாள். "உத்தமபாளையம்" என்பதில் இரண்டாவது எழுத்தில் நின்றுவிட்டு, என் முகத்தைப் பார்த்தாள். ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டார். பேருந்து வளைவில் திரும்பும்வரை அவள் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு வேதனையாக இருந்தது. அந்த ஒரு வருடத் தடுமாற்றத்தை அவள்மீது சுமத்த எனக்கு உரிமை உண்டா? நீ ஆசிரியர், இதற்கு ஒளிக்காமல் பதில் எழுது.

கலாவுக்கு மனமில்லை. தையல் வாடிக்கையெல்லாம் குமுளியில், அந்தக் குளிருக்கு உடம்பு பழகிவிட்டது, இரவு பத்து மணிவரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது என்கிறாள். அவள் சொல்வதில் தவறில்லை. ஏல நாள்களில் மட்டும் மேலேயே தங்கிக்கொள்ளலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். கிடங்கின் மாடியில் ஓர் அறை ஒழித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வாரத்தில் இரண்டு இரவு அப்படித் தங்கினால் பனியில் இறங்கும் பயம் பெருமளவு குறையும் என்றதும், முதன்முறையாக அவள் மறுத்துப் பேசவில்லை. வண்டியின் கேரளப் பதிவை ஓராண்டுக்குமேல் வைத்திருக்க முடியாது, மாற்ற வேண்டும், அதெல்லாம் பிறகு.

நீ திருமங்கலத்தில் வீடு கட்டிக்கொண்டு எட்டு வருடமாக மதுரை அண்ணா நகருக்குப் போய்வருகிறாய். பெரியார் நிலையத்து நெரிசலில் இரண்டு பேருந்து மாறி வீடு சேரும்போது பிள்ளைகளோடு பேச உன்னிடம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? செலவைப் பற்றி நான் கேட்கவில்லை. எட்டாவது வருடத்தில் அது எப்படி இருக்கிறது என்பதைச் சொல். ஐந்து வாரத்தில் எனக்குத் தெரிந்தது போதாது.

சித்திரை முதல் வாரத்தில் இடத்துக்கு முன்பணம் கொடுக்கச் சொல்கிறார்கள். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை வந்துவிடு. போடி ரயிலில் ஏறித் தேனியில் இறங்கினால் கம்பம் பேருந்து கிடைக்கும், அங்கிருந்து கூடலூர் பக்கம்தான். கிணற்றுத் தண்ணீரை நீயே குடித்துப் பார், பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் உன் கண்ணால் ஒருமுறை படி. மறுநாள் காலை ஏழு மணிக்கு என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து குமுளி வரை வா. அம்மா உனக்கு ரசம் வைத்துத் தருவதாகச் சொல்கிறாள்.

உன் அன்பு நண்பன்,
பாண்டி