பொம்மைக்கு அப்பாயி கால்

கும்பகோணம்,
கார்த்திகை 14.

அன்புள்ள குண்டூசிக்கு,

உன்னோட மூணு வாய்ஸ் மெசேஜும் கேட்டேன். முதல் ரெண்டுல ஏன் பதிலே போடலன்னு கேட்டிருந்த, மூணாவதுல நீ பேசவே இல்ல, ஒரு பெருமூச்சு மட்டும் இருந்துச்சு. அதுக்குப் பதில் சொல்லத்தான் பேனாவை எடுத்திருக்கேன். போன்ல சொன்னா பாதியில தொண்டை அடைச்சுக்கும், நீயும் "சரி விடுடி"ன்னு வச்சிடுவ. எழுதினா கடைசி வரைக்கும் கேட்டுத்தான் ஆகணும்.

வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்க. உங்கம்மாவை மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன், நீ துரும்பா இளைச்சுட்டன்னு அரை மணி நேரம் புலம்பினாங்க. ஒழுங்கா சாப்பிடு. டிராயிங் சார் இன்னும் அதே சைக்கிள்லதான் வர்றார், உன்னை விசாரிச்சார், "அந்த ரெண்டாவது பெஞ்சு" எப்படி இருக்கான்னு. தம்பி பத்தாவது. அவ்வளவுதான் ஊர்ச் செய்தி.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பதினஞ்சு நாளைக்கு முன்னால அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கிட்டாங்க. எங்கம்மா! காரணம் யார் தெரியுமா? நம்ம மேடம்.

ஆமாடி, அதே மேடம்தான். துபாய் மாமா கொண்டுவந்த பார்பி. நாலாவது படிக்கும்போது நீ "பாப் கட்டிங்" பண்றேன்னு ஒரு பக்கம் மொட்டையடிச்சியே, அவதான். பரண்ல இருந்து எடுத்தேன். ஓவியக் கல்லூரி வகுப்புல ஒரு வேலை கொடுத்திருந்தாங்க: கடையில கிடைக்கற ஏதாவது ஒரு பொருளை எடுத்து, உனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு ஆளா மாத்தணும். ஒருத்தன் சைக்கிள் பெல்லை அவங்க தாத்தாவா மாத்தினான், அவ்வளவு அழகா வந்துச்சு. நான் மேடத்தை, எங்கப்பாவைப் பெத்த அப்பாயியா மாத்தறதுன்னு முடிவு பண்ணினேன்.

இந்த ஆறு மாசத்துல எவ்வளவோ பண்ணிட்டேன். விடியக்காலைல மார்க்கெட்டுல வாழைத்தார் இறக்கறவங்களை நிமிஷத்துக்கு ஒருத்தரா வரையறது, லினோலியத்துல செதுக்கி அச்சடிக்கற லினோ கட், களிமண்ல ஒரு கை, நாற்காலியில போட்ட துணியோட மடிப்பை மட்டும் ஒரு வாரம். எல்லாம் பிடிச்சுது. ஆனா ராத்திரி தூக்கத்துல எழுப்பி உட்கார வச்சது இந்த பொம்மை ஒண்ணுதான்.

முதல்ல மூஞ்சியை அழிக்கணும். நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சுல தொட்டுத் துடைச்சா கண்ணு, புருவம், உதட்டுச் சாயம் எல்லாம் ஒரு நீலப் பிசுக்கா வந்துடும். தலை மெத்துன்னு வினைல், அதுக்கு ஒண்ணும் ஆகாது. உடம்பு கெட்டி பிளாஸ்டிக், அதுல அசிட்டோன் பட்டா இளகிடும். எனக்கு அது தெரியல. தோள்ல ஒரு சொட்டு விழுந்துச்சு, பதறிப்போய் விரலால துடைச்சேன். என் கட்டைவிரல் ரேகை அப்படியே தோள்ல பதிஞ்சு இறுகிடுச்சு. இன்னும் இருக்கு. பெயிண்ட் அடிச்சும் வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா தெரியுது.

நிறம் அடுத்த பாடு. பிரவுனையும் கறுப்பையும் கலந்து அடிச்சேன், சேறு மாதிரி செத்த நிறம். கல்லூரி சார் என் முழங்கையைப் பிடிச்சு ஜன்னல் பக்கம் திருப்பி, "இதுல எத்தனை நிறம் இருக்குன்னு எண்ணிட்டு வா"ன்னார். எண்ணினேன்டி. சிவப்பு, காவி, நிழல்ல ஊதா, நரம்பு ஓடற இடத்துல பச்சை, முட்டியில சாம்பல். கறுப்பு எங்கயுமே இல்ல. நம்ம நிறத்தை நாமே இத்தனை வருஷம் சரியாப் பார்த்ததே இல்ல போல. அப்புறம் தண்ணியாக் கரைச்சு ஸ்பாஞ்சுல ஒத்தி ஒத்தி ஒன்பது பூச்சு. மேல மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடிச்சேன். வெளியில அடைமழை. ஈரக்காத்துல அடிச்சா வார்னிஷ் வெள்ளையாப் பூத்துடுமாம். மூஞ்சி முழுக்கப் பனி மூடின மாதிரி ஆயிடுச்சு. மறுபடியும் துடைச்சு, மறுபடியும் மொதல்லேர்ந்து.

ஆனா நான் உனக்குச் சொல்ல நினைக்கறது காலைப் பத்தி.

மேடத்தை நிக்க வச்சுப் பாரு, நிக்கவே மாட்டா. குதிகால் எப்பவும் தூக்கியே இருக்கும், ஹைஹீல்ஸ் மாட்டறதுக்குன்னே செஞ்ச கால். 1959 மார்ச்சுல நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில முதல் பார்பி வந்தப்பவே அப்படித்தான். ரூத் ஹேண்ட்லர்னு ஒரு அம்மா, ஜெர்மனியில வித்த ஒரு பொம்மையைப் பார்த்துட்டு வந்து தன் கம்பெனியில செய்ய வச்சது. 2015-லதான் கணுக்கால் மடங்கற மாதிரி சிலது வந்துச்சு. நம்ம மேடம் அதுக்கு முந்தினவ. ஐம்பது வருஷத்துக்கு மேல நுனிக்கால்லயே நிக்க வச்சிருக்காங்க!

அதே 1959-லதான் மெரினாவுல உழைப்பாளர் சிலை வச்சிருக்காங்க, ஜனவரி கடைசியில. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செஞ்சது. எழும்பூர் ஓவியப் பள்ளியோட முதல் இந்திய முதல்வர் அவர். நீ சென்னை போய் எத்தனை தடவை பீச்சுக்குப் போயிருப்ப, சுண்டல் பொட்டலத்தைத் தவிர எதையாவது பார்த்தியா? அடுத்த தடவை அந்த நாலு பேரோட காலைப் பாரு. பாறையை நெம்பறப்ப பாதம் தரையை எப்படிக் கவ்வுதுன்னு பாரு. போட்டோவுல பார்த்துட்டே நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மாச இடைவெளியில உலகத்துல ரெண்டு விதமான கால் பிறந்திருக்கு.

அப்பாயி கால் உனக்கே தெரியும். விரல் அஞ்சும் விசிறி மாதிரி விரிஞ்சிருக்கும். சுண்டுவிரல் தனியா ஒதுங்கி நிக்கும். நாப்பது வருஷம் நடவு, களை. சேத்துப்புண் ஆறின தழும்பு விரலிடுக்குல இருக்கு. குதிகால்ல பித்தவெடிப்பு, காவேரி வத்தின கோடைக்கு வயல் மண்ணு பாளம் பாளமா வெடிக்குமே, அதே மாதிரி. அந்தக் காலை நுனிக்கால்ல நிக்க வைக்க எனக்கு மனசு வரல.

கணுக்காலோட அறுத்துட்டேன். கம்பியைச் செருகி, அதுமேல குழாய் ஓட்டை அடைக்கற எம்-சீலைப் பிசைஞ்சு பாதம் பிடிச்சேன். கையை நனைச்சுக்கிட்டே தடவினாத்தான் வழவழன்னு வரும். பாதி இறுகற நேரம் பார்த்து ஊசியால வெடிப்பு கீறணும். சீக்கிரம் கீறினா கோடு மூடிக்கும், லேட்டானா ஊசி இறங்காது. நடுவுல ஒரு கால் மணி நேரம்தான் கிடைக்கும். நாலு ஜோடி கால் செஞ்சு தூக்கிப் போட்டேன். அஞ்சாவது ஜோடியில மேடம் நின்னா. ஸ்டாண்டு இல்லாம, பிடிமானம் இல்லாம, சமையல் மேடையில தானா நின்னாடி! ராத்திரி பதினொரு மணிக்கு நான் கை தட்டினதுல தம்பி எழுந்துட்டான்.

சேலை கதையும் இருக்கு. பார்பி ஆறுல ஒரு பங்கு அளவு. அஞ்சரை மீட்டர் சேலைன்னா அவளுக்குத் தொண்ணூத்திரண்டு சென்டிமீட்டர். நீளத்தைக் குறைச்சிடலாம், நூலோட கனத்தைக் குறைக்க முடியுமா? கொசுவம் விறைச்சுக்கிட்டு குடை மாதிரி நிக்குது. கடைசியில அப்பாயியோட நைஞ்சுபோன பழைய சேலையையே வெட்டி, சோத்துக் கஞ்சியில நனைச்சு, குண்டூசி குத்திக் காய வச்சேன். உன்னை நினைச்சுக்கிட்டேதான் குத்தினேன்.

சரி, சண்டைக்கு வர்றேன். அப்பாயி தலை சீவினா உதிர்ற முடியைச் சுருட்டி செவுத்து இடுக்குல செருகி வைக்குமே, சவுரி கட்ட முடி வாங்கற சவுரிக்காரன் வருவான்னு. சவுரிக்காரன் வந்து எத்தனை வருஷம் ஆச்சு! அந்த முடியை எடுத்தேன். அலசி, காய வச்சு, மேடத்தோட தலையை வெந்நீர்ல இளக்கிக் கழட்டி, பழைய நைலான் முடியை உள்ளேர்ந்து பிடுங்கிட்டு, ஒவ்வொரு துளையிலயும் ஊசியால கோத்தேன். உச்சியில பாதித் துளையை விட்டுட்டேன், அப்பாயிக்கு அங்க முடி ஏது? வெள்ளை முடின்னு சொல்றோம், பக்கத்துல வச்சுப் பார்த்தா நுனி மஞ்சள் பூத்திருக்கு, கொண்டை போட்ட வளைவு அப்படியே இருக்கு. கோக்கறப்ப தேங்காயெண்ணெய் வாசனை வந்துச்சு.

ஞாயித்துக்கிழமை ஊருக்கு எடுத்துட்டுப் போனேன். அன்னைக்கு ராத்திரியே அப்பாயிக்குக் காய்ச்சல். நூத்திமூணு. மறுநாள் அம்மா என் பையை எடுத்து வைக்கறப்ப பொம்மையைப் பார்த்துட்டாங்க. முடியைத் தொட்டுப் பார்த்தாங்க. மூஞ்சி வெளிறிப்போச்சு.

"உசுரோட இருக்கற மனுசி முடிய பொம்மத் தலையில நட்டு, ஊசியால வேற குத்தி வச்சிருக்க. இது என்னன்னு தெரியுமாடி ஒனக்கு?"

கை ஓங்கினாங்க. அடிக்கல. உட்கார்ந்து அழுதாங்க. அது அடிச்சதைவிட மோசம்.

நான் இந்தச் செய்வினையெல்லாம் நம்பறவ இல்லன்னு உனக்குத் தெரியும். ஆனா நாலு நாள் காய்ச்சல் இறங்கல. ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் எடுத்தாங்க, டெங்கு இல்லன்னுட்டாங்க, மாத்திரை கொடுத்தாங்க. அப்பவும் அனத்திக்கிட்டே இருந்துச்சு. மூணாவது நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு நான் எழுந்து, டார்ச் வெளிச்சத்துல ட்வீசரால முன்வரிசை முடியை ஒவ்வொண்ணாப் பிடுங்கினேன். பிடுங்கறப்ப கை நடுங்குச்சு. பிடுங்கறதும் தப்போ, அதனால வேற எதாவது ஆயிடுமோன்னு அதுவும் பயம். நீ பக்கத்துல இருந்திருந்தா டெம்பரேச்சரைப் பார்த்து ரெண்டு வார்த்தை சொல்லியிருப்ப. உன் மெசேஜ் வந்தது அந்த ராத்திரிதான். என்னன்னு பதில் போடுவேன்?

அஞ்சாம் நாள் காய்ச்சல் விட்டுச்சு. கஞ்சி கேட்டு வாங்கிக் குடிச்சுட்டு அப்பாயி என்னைக் கூப்பிட்டுச்சு. "என்னமோ என்னயச் செஞ்சு வச்சிருக்கியாமே. எடுத்தா, பாப்பம்."

அம்மா வாசல்படியில நின்னுக்கிட்டு ஒண்ணும் சொல்லல. கொண்டுபோய்க் கொடுத்தேன். மூஞ்சியைப் பார்க்கும்னு நினைச்சேன். அந்த மூஞ்சிக்கு நான் எவ்வளவு பாடுபட்டிருக்கேன்! அதைப் பார்க்கவே இல்ல. பொம்மையைத் தலைகீழாத் திருப்பி உள்ளங்காலைப் பார்த்துச்சு. கட்டைவிரலால வெடிப்பைத் தடவிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம், "எடது காலுலதான் வெடிப்பு சாஸ்தி"ன்னு சொல்லி, காலை நீட்டிக் காட்டுச்சு. உண்மைதான்டி. நான் ரெண்டையும் ஒரே மாதிரி கீறியிருந்தேன்.

அப்புறம் இடுப்பைச் சுத்தி ரெண்டு விரலால அளந்து பார்த்துச்சு. "ஏன்டி, இவளுக்கு யாரும் சோறு போடலியா?"

எனக்குச் சிரிப்பு வரல. 1965-ல வந்த ஒரு பார்பி கூட ஒரு எடை மெஷின் கொடுத்தாங்களாம். முள்ளு 110 பவுண்டுலயே நிக்கும், அதாவது ஐம்பது கிலோ. கூடவே எடை குறைக்கறது எப்படின்னு ஒரு குட்டிப் புத்தகம். அதுல பின்பக்கம் இருந்த அறிவுரை ஒண்ணே ஒண்ணு: சாப்பிடாதே. அஞ்சடி ஒன்பது அங்குலம் உயரத்துக்குச் சமமான பொம்மைக்கு! அதைப் படிச்ச அன்னைக்கே எனக்கு ஆத்திரம். அப்பாயி ரெண்டு விரலால அளந்ததும் அது திரும்ப வந்துச்சு. நம்ம வீட்டுல எத்தனை நாள் அப்பாயி வெறும் நீராகாரத்தோட வயலுக்குப் போயிருக்கு, யாரு கேட்டா "சாப்டியா"ன்னு? ஆனா அது கேக்காம நம்மளை விட்டிருக்கா? உன்னையும் சேர்த்துதான் சொல்றேன். இடுப்புக்கும் எம்-சீல் வாங்கிட்டேன்.

மறுநாள் காலையில தலை சீவிட்டு, உதிர்ந்த முடியைச் சுருட்டி, செவுத்துப் பக்கம் போகாம என் கையில வச்சுது. ஒண்ணும் பேசல. பிடுங்கின முன்வரிசையை அதாலயே திரும்பக் கோத்திருக்கேன்.

அம்மா இன்னும் சமாதானம் ஆகல. பொம்மையைத் தொடறதில்ல. வெள்ளிக்கிழமை விளக்கு ஏத்தறப்ப அதுமேல ஒரு துண்டைப் போட்டு மூடினாங்க. அவங்க பயத்தைத் தப்புன்னு சொல்ல என்னால முடியல, அந்த ராத்திரிக்கப்புறம்.

இப்ப பாக்கி இருக்கறது முதுகு. தாராசுரம் கோயிலுக்கு வரையப் போனோம். விமானத்தோட அடியில நாயன்மார் கதையெல்லாம் குட்டிக் குட்டியாச் செதுக்கியிருக்காங்க, ரெண்டாம் ராஜராஜன் காலத்து வேலை. முதலை வாயிலேர்ந்து பிள்ளை வர்ற இடத்துல குந்தி உட்கார்ந்து வரைஞ்சேன். அவ்வளவு சின்னதுல கண்ணு மூக்கெல்லாம் தேய்ஞ்சே போயிருந்தாலும் யாரு கும்பிடறாங்க, யாரு பதறறாங்கன்னு முதுகை வச்சே தெரியுது. வந்து மேடத்தைப் பார்த்தா, கால் அப்பாயி கால், முடி அப்பாயி முடி, முதுகு மட்டும் யாரோ மாதிரி நிமிர்ந்து நிக்குது. அறுத்து வளைக்கணும். எங்க அறுக்கறது?

அதுக்குத்தான் நீ வேணும். குனிஞ்சு குனிஞ்சே வேலை செஞ்ச கிழவிக்குக் கூன் எந்த எலும்புல ஆரம்பிக்கும், கழுத்து எவ்வளவு முன்னால தள்ளும், இடுப்பு எந்தப் பக்கம் சாயும்னு உன் அனாட்டமி புத்தகத்தைப் பார்த்து வரைஞ்சு அனுப்பு. உனக்கு வரைய வராதுன்னு கதை விடாதே, ரெண்டாவது பெஞ்சோட ரெக்கார்டு நோட்டை நான் பார்த்திருக்கேன். அடுத்த வாரத்துக்குள்ள வேணும். முன்பக்கம் வேண்டாம், பக்கவாட்டுல வரை.

உன்,
கரித்துண்டு