'விருப்பக் கவசம்' எது வரை?

ஆசிரியருக்கு வணக்கம்.

மாதவரம், கொளத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் பெயிண்ட்பால் (சாயக் குண்டுகளால் எதிரணியினரைச் சுட்டு வெளியேற்றும் விளையாட்டு) போட்டிகளுக்குத் தயாராவது பற்றிய உங்கள் கட்டுரையில், கவசங்களைப் பற்றி "மாஸ்க் (கண்ணையும் முகத்தையும் மூடும் கவசம்) கட்டாயம், மற்றவை அவரவர் விருப்பம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். மைதானத்தில் தகராறு வருவதே அந்த 'மற்றவை'யில்தான்.

குண்டு மேலே பட்டால் போதாது. உடைந்து சாயம் ஒட்டினால்தான் அவுட். ஜெலட்டின் ஓட்டுக்குள் சாயம் அடைத்த அந்தக் குண்டு சுமார் 3 கிராம். போட்டிகளில் வேகம் பெரும்பாலும் வினாடிக்கு 300 அடியைத் தாண்டக் கூடாது. கெட்டியான இடத்தில் பட்டால் உடையும், பஞ்சில் பட்டால் எகிறிவிடும். மார்பில் தடித்த பேட் வைத்தவருக்கு வலியும் குறைவு, அவுட் ஆகும் வாய்ப்பும் குறைவு. எண்ணூர்க் கடற்காற்றின் ஈரத்தில் பை திறந்து கிடந்தால் ஜெலட்டின் இளகி, எகிறுவது இன்னும் கூடும். அடுக்கடுக்கான உடை, உறிஞ்சும் துணி, வழுக்கும் துணி ஆகியவற்றைப் போட்டி விதிகள் தடுப்பது இதனால்தான்.

இதற்குப் பயந்து எல்லாவற்றையும் கழற்றச் சொல்வது பெரிய தவறு. தொண்டையை மாஸ்க் காக்காது. மெல்லிய நெக் கார்டை எல்லோருக்கும் அனுமதித்து, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டாயமாக்க வேண்டும். ஆண்களுக்குப் பிறப்புறுப்பைக் காக்கும் கப், பெண்களுக்குக் கெட்டி ஓடு வைத்த மார்புக் கவசம் ஆகியவற்றையும் அனுமதிக்க வேண்டும். இவற்றில் குண்டு எகிறுமே என்று வாதாடுவது நியாயமே இல்லை. முட்டி, முழங்கை பேட் சறுக்கி விழுவதற்கானவை. மூட்டை மூடினால் போதும், தொடைவரை ஏறக் கூடாது. கிளவுஸில் உடைந்தாலும் அவுட்தான் என்பதை ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஷூவில் உலோக முள் வேண்டாம்.

மார்க்கரின் (குண்டைச் சுடும் துப்பாக்கி) வேகம் பார்க்கும் இடத்திலேயே, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு உடையையும் பார்த்துவிடலாம். மேலே சொன்ன கவசங்கள் போக, ஜெர்சிக்குள் ஒரு பனியன் மட்டும் என்று வரம்பை எழுதி ஒட்டுங்கள். 'அதிகத் தடிமன்' என்று மட்டும் எழுதினால் நடுவருக்கு நடுவர் தீர்ப்பு மாறும். ஆட்டம் நடுவில் வரம்பை மீறிய பேட் பிடிபட்டால் அந்த வீரர் அவுட் என்பதையும் அதிலேயே சேர்க்க வேண்டும்.

கட்டாயமான மாஸ்கிலும் ஒன்று. புழுக்கத்தில் லென்ஸ் ஆவி படிகிறது என்று ஸ்பிரிட்டும் கண்ணாடி துடைக்கும் திரவமும் போடுகிறார்கள். பாலிகார்பனேட்டில் மயிரிழை விரிசல் விழும். இரட்டை லென்ஸ் வாங்குங்கள். வெளிப்புறத்தைத் தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டு துடைத்தால் போதும்.

– பெயிண்ட்பால் நடுவர் ஒருவர், கொளத்தூர், சென்னை