சபீனோ கேன்யனில் என்னைத் தூக்கி வந்தவர்களுக்கு

அன்புள்ளவர்களுக்கு,

உங்களில் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. அன்று வலியில் கேட்கத் தோன்றவில்லை. இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் என் மனசு தமிழில்தான் நிறைகிறது. டூசானில் இருக்கிற தமிழ் தெரிந்த யாராவது உங்களுக்கு இதை எடுத்துச் சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

வெளியூர் வாசகர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அரிசோனாவில், டூசான் நகரத்தின் வடகிழக்கு ஓரத்தில் வீடுகள் முடியும் இடத்திலேயே சபீனோ கேன்யன் தொடங்கிவிடுகிறது. எங்கள் வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரம். ஓடையை ஒட்டியே சுமார் 6 கிலோமீட்டர் தார்ச்சாலை, வழியில் 9 கல் பாலங்கள். 1930களில் வேலையில்லாமல் தவித்தவர்களுக்குக் கூலி கொடுக்க அரசு எடுத்த பணிகளில் கட்டியவை அவை. தனியார் கார்களை உள்ளே விடுவதை 1970களிலேயே நிறுத்திவிட்டார்கள். அதனால் நடப்பவர்கள், ஓடுபவர்கள், பார்வையாளர்களை ஏற்றிப் போகும் டிராம் வண்டி, சில நேரங்களில் சைக்கிள், அவ்வளவுதான். சாலை முடியும் இடத்தில் வளைந்து வளைந்து மேலே ஏறினால் ஃபோன்லைன் டிரெயில். அந்தக் காலத்தில் லெமன் மலைக்கு டெலிஃபோன் கம்பி போன தடம், இப்போது மலைச்சரிவின் இடுப்பில் ஓடும் ஒற்றையடிப் பாதை. சாலை வழியே ஏறி, ஃபோன்லைன் வழியே இறங்குவது என் சனிக்கிழமை ஓட்டம்.

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை தனியாகப் போனேன். சவாரோ கள்ளி பூக்கிற பருவம். இரவில் விரிந்து மறுநாள் வாடிவிடும் வெள்ளைப் பூ. அதை அண்ணாந்து பார்த்தபடி ஓடியதில் கல் தடுக்கியது. இடது கணுக்கால் மடங்கி, விழாமல் இருக்கக் கையை ஊன்றிய இடத்தில் ச்சோயா கள்ளி. அதன் உருண்டைகள் லேசாகப் பட்டாலே கழன்று தோலில் ஏறிக்கொள்ளும். முள்ளின் முனையில் பின்னோக்கிய கொக்கிகள் இருப்பதால் பிடித்து இழுத்தால் சதையும் சேர்ந்து வரும். ஃபோனில் சிக்னல் இல்லை. பாட்டிலில் தண்ணீர் பாதிக்கும் கீழே. மணி எட்டு, பாறை அதற்குள் சுட ஆரம்பித்துவிட்டது.

அப்போது வந்த இரண்டு பெண்களுக்கு முதல் நன்றி. மூத்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், நரைத்த முடியைப் பின்னலாகப் போட்டிருந்தார். மற்றவர் அவருடைய மகள் என்று நினைக்கிறேன்.

அம்மா, நீங்கள் எதுவும் கேட்கவில்லை. என் உள்ளங்கையைப் பார்த்தீர்கள், இடுப்புப் பையிலிருந்து ஒரு பச்சை பிளாஸ்டிக் சீப்பை எடுத்தீர்கள். முள் உருண்டைக்கும் தோலுக்கும் நடுவே அதன் பற்களை நுழைத்து ஒரே சுண்டு. உருண்டை பாதை ஓரத்தில் போய் விழுந்தது. இந்தப் பாலைவனத்தில் நடக்கிறவர்கள் எதற்காகச் சீப்பு வைத்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மிச்ச முள்ளை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்தீர்கள். உங்கள் மகள் தன்னிடமிருந்த தண்ணீரை என் மடியில் வைத்துவிட்டுச் சிக்னல் கிடைக்கும் இடம் தேடிக் கீழே ஓடினார். அதற்குப் பிறகு நீங்கள் செய்ததை நான் யாரிடம் சொன்னாலும் குரல் அடைத்துக்கொள்கிறது. அங்கே ஒதுங்க நிழலே இல்லை. நீங்கள் எனக்கும் வெயிலுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டீர்கள். உதவி வரும்வரை உட்காரவே இல்லை. வெயில் நகர நகர நீங்களும் நகர்ந்து, உங்கள் நிழல் என் முகத்தைவிட்டு விலகாமல் பார்த்துக்கொண்டீர்கள்.

சதர்ன் அரிசோனா ரெஸ்க்யூ அசோசியேஷன் தன்னார்வலர்களே, உங்களுக்கு அடுத்த நன்றி. 1958 நவம்பரில் சாண்டா ரீட்டா மலையில் பனிப்புயலில் சிக்கி மூன்று சாரணச் சிறுவர்கள் இறந்துபோனார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு உருவானது இந்த அமைப்பு. உங்களுக்குச் சம்பளம் கிடையாது, காப்பாற்றப்பட்டவரிடம் பணம் வாங்குவதும் கிடையாது. சனிக்கிழமைக் காலையை விட்டுவிட்டு, ஒற்றைச் சக்கரம் வைத்த ஸ்ட்ரெச்சரோடு மேலே ஏறி வந்தீர்கள். பாதை ஓர் ஆள் அகலம்தான். பக்கவாட்டில் பிடித்தவர்கள் பாறையிலும் முள்ளிலும் கால் வைத்து நடந்தீர்கள். முன்னால் போனவர் ஒவ்வொரு கல்லுக்கும் குரல் கொடுத்தார். எனக்கு ஒரு குலுக்கல் தெரியவில்லை.

வலி மறக்க என்னைப் பேச வைத்துக்கொண்டே வந்த தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. 1887 மே 3-ஆம் தேதி எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் சொனோராவில் வந்த நிலநடுக்கத்தில் இந்த மலையிலிருந்து பெரும்பாறைகள் உருண்டதைச் சொன்னாய். 2006 ஜூலைக் கடைசியில் நாள் கணக்கில் பெய்த மழையில் சரிவுகள் அப்படியே வழிந்து வந்து சாலையைப் பெயர்த்ததையும் சொன்னாய். இவ்வளவு பெரிய கதைகளுக்கு நடுவில் என் கணுக்கால் கொஞ்ச நேரம் சின்ன விஷயமாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு இங்கிருக்கும் நம் குடும்பங்கள் பார்த்துக்கொண்டன. ஆறு வாரம் அடுப்படிப் பக்கம் நான் போகவில்லை. பூண்டு ரசம் வைத்துக் கொடுத்த அக்கா, பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வந்த பக்கத்துத் தெருத் தம்பி, இரவில் நான் எழுந்தால் தானும் எழுந்துகொண்ட என் வீட்டுக்காரர், எல்லோருக்கும் தெரியும் நான் என்ன சொல்ல வருகிறேன் என்று. கால் விரல்களால் தரையில் கிடக்கும் துண்டைச் சுருட்டவும், ஒற்றைக் காலில் நின்று பல் துலக்கவும் பழக்கிய பிசியோதெரபிஸ்ட் அம்மாவுக்கும் நன்றி. அந்தத் துண்டுப் பயிற்சியை வெறுத்தேன், ஆனால் என்னை மறுபடி நடக்க வைத்தது அதுதான்.

எங்கள் ஓட்டக் குழுவின் ஈரோட்டு அண்ணனுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. "பாதித் தண்ணி தீந்துதுன்னா எங்க இருந்தாலும் திரும்பிடணுங்க" என்று முதல் நாளே சொன்னவர் அவர். நான் அதைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தபோது அவர் அதை நினைவுபடுத்தவே இல்லை. அக்டோபரில் முதல் பாலம் வரை என்னோடு நடந்தார். அடுத்த வாரம் இரண்டாவது. மாரத்தான் ஓடுகிற மனிதர், தன் சனிக்கிழமைப் பயிற்சியை விட்டுவிட்டு என் நொண்டல் நடைக்குப் பக்கத்தில் நடந்தார். நான் நின்றால் ஷூ நாடாவைச் சரிசெய்வதுபோல் அவரும் நின்றார். டிசம்பர் முதல் வாரம், ஓடை ஓரத்துக் காட்டன்வுட் மரங்களெல்லாம் மஞ்சளாகி நின்ற ஒரு காலையில் ஒன்பதாவது பாலத்தையும் ஓடியே கடந்தேன். அண்ணா ஒரு வார்த்தை பேசவில்லை. பாலத்துக் கைப்பிடிச் சுவரை இரண்டு முறை தட்டிக் காட்டினார்.

பாதையைக் காக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். நான் காங்கேயத்துப் பக்கம் பிறந்தவள். எங்கள் கொறங்காட்டில் மாடு மேய்வது கொழுக்கட்டைப் புல்லில்தான். அதே புல்லைக் கால்நடைத் தீவனத்துக்காக இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள், அது தப்பித்து மலையெல்லாம் பரவிவிட்டது. காய்ந்தால் மளமளவென்று எரியும். தீயைத் தாங்கப் பழகாத சவாரோக்கள், நூறு வயதைத் தாண்டியவைகூட, அதில் கருகிவிடும். 2020-இல் மின்னலில் பற்றிய பிக்ஹார்ன் தீ இந்த மலைத்தொடரில் சுமார் 1,20,000 ஏக்கரைத் தின்றதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். குளிர்காலக் காலைகளில் கடப்பாரையோடு போய் அந்தப் புல்லை வேரோடு தோண்டி எடுக்கும் தன்னார்வலர்களை எத்தனையோ முறை ஓடிக்கொண்டே கடந்திருக்கிறேன். ஒரு முறைகூட நின்றதில்லை. இந்த ஜனவரியிலிருந்து நானும் உங்களோடு தோண்டுகிறேன். "கொழுக்கட்டைப் புல்லையா புடுங்கி எறியறீங்க?" என்று ஃபோனில் அம்மா பதறிப்போனார். விவரம் சொன்ன பிறகு, "அப்படீன்னா வேர் உடையாம எடு" என்றார்.

நரைத்த பின்னல் போட்ட அம்மாவுக்கு மறுபடியும். ஸ்ட்ரெச்சரில் என்னை ஏற்றியபோது உங்கள் சீப்பு என் கையிலேயே இருந்துவிட்டது. கழுவி, என் இடுப்புப் பையில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குள் நான் மூன்றாவது பாலத்தைக் கடப்பேன், சிவப்புத் தொப்பி போட்டிருப்பேன். என்னைப் பார்த்தால் கூப்பிடுங்கள். உங்கள் பெயரை நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நன்றியுடன்,
ஃபோன்லைன் பாதையில் நீங்கள் நிழல் தந்தவள்