‘ஓட்ட ஓட்ட செட் ஆகிடும்’ என்றால் நம்பிவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலத்தில் காரைப் பராமரிப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில் வைப்பர், டயர், பேட்டரி எல்லாம் இருந்தன. சர்வீஸ் முடிந்து வண்டியை எடுக்கும்போது பிரேக்கை எப்படிச் சோதிப்பது என்பதையும் சேர்த்திருக்கலாம். கடலூர்க்காரர்கள் பலர் புதுச்சேரியில்தான் சர்வீஸ் விடுகிறோம். வீடு வந்த பிறகு குறை தெரிந்தால், திரும்பக் கொண்டுபோய்க் காட்ட அரை நாள் போய்விடும். அந்த அலுப்பிலேயே குறையோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

என் வண்டிக்கு முன்சக்கரத்தில் புது பிரேக் பேட் போட்டு, பிரேக் ஆயிலும் மாற்றினார்கள். முதலியார்பேட்டை தாண்டுவதற்குள்ளேயே பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்குவது தெரிந்தது. பஞ்சு மூட்டையை மிதிப்பது போல ஓர் உணர்வு. உடனே இன்னொரு முறை மிதித்தால் மேலே ஏறிப் பிடிக்கிறது. ஓரமாக நிறுத்திப் போன் செய்தேன். “புது பேட் சார், ஓட்ட ஓட்ட செட் ஆகிடும்” என்றார் அட்வைசர்.

இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. புது பேட், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கோடு நன்றாகப் பொருந்தச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை பிடிப்பு சற்றுக் குறையலாம், லேசாகக் கீச்சிடலாம். ஆனால் இரண்டாம் மிதியில் பெடல் ஏறுகிறது என்றால், பெரும்பாலும் பிரேக் ஆயில் போகும் லைனில் காற்று புகுந்திருக்கும். (பின்சக்கர டிரம் பிரேக்கில், டிரம்மை உரசி நிறுத்தும் ஷூ தளர்ந்திருந்தாலும் இப்படி வரும்.) ஆயிலை அமுக்கினால் சுருங்காது, காற்று சுருங்கும். காலின் அழுத்தமெல்லாம் அதிலேயே போய்விடும். எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் அந்தக் காற்று தானாக வெளியேறாது.

திருப்பாதிரிப்புலியூரில் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டேன். உள்ளே உட்கார்ந்திருந்த பையன் “மிதிச்சாச்சுண்ணே” என்று குரல் கொடுக்க, இவர் காலிப்பரில் (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்தார். அதில் மாட்டியிருந்த டியூப் வழியே ஆயிலோடு கொப்புளம் கொப்புளமாகக் காற்று வந்தது. மூடு, பம்ப் பண்ணு, திற என்று கொப்புளம் நிற்கும்வரை இதே வேலைதான். பெரிய செலவுமில்லை. இதைச் செய்து முடிக்காமல் வண்டியைக் கொடுத்தவர்களை என்ன சொல்வது?

வேறு சில அறிகுறிகளையும் அவர் சொன்னார். பெடலை ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பிடித்திருக்கும்போது அது மெதுவாகத் தரைவரை இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. அந்த வண்டியை ஓட்டவே கூடாது, இழுத்துத்தான் போக வேண்டும். பெடல் கல்லாக இருந்தால், மிதிப்பதை எளிதாக்கும் பூஸ்டரைப் பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதியுங்கள். பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸைச் சரியாக மாட்டாமல் விட்டிருக்கலாம். கொஞ்ச தூரம் ஓடியதுமே ஒரு சக்கரம் மட்டும் சூடாகிக் கருகல் வாடை அடித்தால், ஹேண்ட் பிரேக்கை அதிகமாக இறுக்கியிருப்பார்கள் அல்லது காலிப்பர் சிக்கியிருக்கும். இவற்றில் ஒன்றுகூட ‘ஓட்ட ஓட்ட’ சரியாகாது.

ஆயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்முடையது கடலோர ஊர். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கையில் கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரியே போதும். ஏற்காடு மலை இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவியானால், லைனில் காற்று இருப்பதும் அதுவும் ஒன்றுதான். எந்த நாளிலோ திறந்து வைத்த டின்னிலிருந்து ஊற்றினால் ‘வேண்டாம், புது டின்னை என் எதிரில் திறங்கள்’ என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

சர்வீஸ் நிலையங்களுக்கு என் கோரிக்கை இது: பிரேக்கில் கை வைத்த வண்டியை, உரிமையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டிய பிறகே சாவியைக் கொடுங்கள். என்ன மாற்றினீர்கள், லைனில் காற்று எடுத்தீர்களா என்பது ஜாப் கார்டில் (செய்த வேலைகளை எழுதும் சீட்டில்) இருக்கட்டும். வாட்டர் வாஷுக்கும் பாலிஷுக்கும் வரி வரியாக பில் போடத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலையா?

கடை புதுச்சேரியில், வீடு கடலூரில், புகார் கொடுக்க மாநில எல்லை தாண்டி அலைய வேண்டுமே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் தருபவர் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. குறை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும், வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். பில், ஜாப் கார்டு, அட்வைசருக்கு எழுத்தில் அனுப்பிய புகார் ஆகிய மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.