குளிரையும் காட்டும் வெப்பமானி வேண்டும்

வன்னியின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கு,

வணக்கம். வன்னி வெயிலில் பிறந்த பிள்ளை குளிர்ந்துபோகும் என்றால் பலர் நம்புவதில்லை. காய்ச்சல் என்றால் இரவோடிரவாக ஓடிவருகிறார்கள். குளிர்ந்த பிள்ளையோ சத்தம் போடாது. பால் குடிக்காமல் சோர்ந்து கிடக்கும். "நல்ல பிள்ளை, நித்திரை கொள்ளுது" என்று விட்டுவிடுவார்கள்.

ஈரத்தோடு பிறக்கும் உடலைத் துடைத்துப் போர்த்தாவிட்டால், முதல் 10–20 நிமிடங்களிலேயே வெப்பம் 2 தொடக்கம் 4 பாகை வரை இறங்கலாம். நம்மைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதனால் முடியாது. மார்கழி மழையில், ஒழுகும் தகர வீட்டுக்குப் போகும் எடை குறைந்த பிள்ளைக்கு ஆபத்து இன்னும் கூட.

பிறந்த பிள்ளைக்கு 36.5 முதல் 37.5 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும். ஆனால் நாம் பாவித்துப் பழகிய கண்ணாடி வெப்பமானியின் கோடுகள் பொதுவாக 35இல்தான் தொடங்கும். 33இல் இருக்கும் பிள்ளைக்கு வைத்தால் ரசம் ஏறாது. சரியாக வைக்கவில்லையாக்கும் என்று திரும்பவும் வைப்போம். உதறாமல் வைத்தால் முன்பு பார்த்தவரின் காய்ச்சலே அதில் நிற்கும்! அது காய்ச்சல் பார்க்கச் செய்த கருவி, அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே வீடு வீடாகப் போகும் ஒவ்வொரு குடும்பநல மாதுவின் பையிலும் 35க்குக் கீழேயும் காட்டும் டிஜிட்டல் வெப்பமானி இருக்கட்டும், மாற்றுப் பற்றரியோடு. கமக்கட்டில் வைத்துப் பார்த்தால் போதும். தாய்மாருக்கும் ஒன்று சொல்லிக் கொடுக்கலாம்: புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொடுங்கள். பாதம் மட்டும் குளிர்ந்தால் நெஞ்சோடு அணையுங்கள். வயிறும் குளிர்ந்தால் அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். சுடுநீர்ப் போத்தல் மட்டும் வேண்டாம், தோல் வெந்துவிடும்.

அடுத்தது அம்புலன்ஸ். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரி கிட்டவா இருக்கிறது? இன்கியுபேட்டர் இல்லாத வண்டியில், மூச்சுச் சீராக உள்ள பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி அனுப்பலாம். தாய்க்கு முடியாவிட்டால் தகப்பன், அம்மம்மா யாரும் வைத்திருக்கலாம். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978இல் இன்கியுபேட்டர் போதாமல் தொடங்கிய கங்காரு முறை இது. குறைமாதப் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடனேயே இதைத் தொடங்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. வண்டியின் ஏசியை நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம், வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடும் துண்டுச் சீட்டில் புறப்படும்போது ஒன்று, சேரும்போது ஒன்று என வெப்பம் எழுத இரண்டு கட்டங்கள் போடுங்கள். வழியில் என்ன நடந்தது என்று அப்போதுதான் தெரியும்.

மாரி தொடங்க முன்னர் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மகப்பேற்று விடுதித் தாதி,
முல்லைத்தீவு