குறைத்த எடை ஏன் திரும்பி வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உடல் எடை பற்றி நாளிதழ்களில் வரும் ஆலோசனைகள் பெரும்பாலும் எடையைக் குறைப்பதோடு நின்றுவிடுகின்றன. குறைத்தவருக்கு ஓரிரு ஆண்டுகளில் எடை பழையபடி ஏறிவிட்டால், 'வாயைக் கட்டத் தெரியவில்லை' என்று பழி அவர் தலையில் விழுகிறது. நாளமில்லாச் சுரப்பி மருத்துவத்திலும் உணவியலிலும் பணிபுரியும் எங்களுக்கு இந்தப் பழி மிகவும் உறுத்துகிறது. எடை திரும்புவதற்கு உடலுக்குள்ளேயே காரணங்கள் உண்டு. அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் எத்தனையோ பேர் ஏமாற்றத்திலிருந்து தப்பிப்பார்கள்.

மூளையின் அடிப்பகுதியில் இருந்து பசியைக் கட்டுப்படுத்தும் ஹைபோதலாமஸுக்கு உடலிலிருந்து இரண்டு விதக் கணக்குகள் போகின்றன. ஒன்று, இந்த வேளைச் சாப்பாட்டின் கணக்கு. வயிறு காலியாக இருக்கும்போது அதன் சுவரில் கிரெலின் சுரந்து பசியைக் கிளப்புகிறது. உணவிலுள்ள கொழுப்பும் புரதமும் சிறுகுடலின் தொடக்கத்தைத் தொட்டதும் கோலிசிஸ்டோகைனின் சுரக்கிறது. குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற ஹார்மோன்கள் வருகின்றன. இவையெல்லாம் சேர்ந்து 'போதும்' என்ற உணர்வை உண்டாக்க 15 முதல் 20 நிமிடம் ஆகும். 5 நிமிடத்தில் தட்டைக் காலி செய்பவர், அந்தச் செய்தி வருவதற்குள் கை கழுவிவிடுகிறார்.

மற்றொன்று கையிருப்புக் கணக்கு. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின்தான் இதைச் சொல்கிறது. 1994-ல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழுவினர் இதைக் கண்டறிந்தார்கள். கொழுப்பு கூடினால் ரத்தத்தில் லெப்டின் கூடும், குறைந்தால் குறையும். இதைப் 'பசியை அடக்கும் ஹார்மோன்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது பாதிதான் சரி. லெப்டின் ஏறும்போது மூளை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. இறங்கும்போது பஞ்சம் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. உடல் பருமன் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் ஏற்கெனவே அதிகம். அதனால் வெளியிலிருந்து கொடுத்தாலும் பெரிய பலன் இல்லை. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத மிக அரிதான குழந்தைகளுக்கு மட்டும் அந்த ஊசி வியக்கத்தக்க அளவில் வேலை செய்கிறது. லெப்டின் ஒரு புரதம். வாய்வழி கொடுத்தால் செரித்துப்போகும். 'லெப்டின் மாத்திரை' விளம்பரங்களை வாசகர்கள் நம்பவே வேண்டாம்.

இனி, எடை குறையும்போது நடப்பதைப் பாருங்கள். கொழுப்பு கரையும் வேகத்தைவிட லெப்டின் வேகமாகச் சரிகிறது, கிரெலின் உயர்கிறது. தசைகள் அதே வேலையைக் குறைந்த சக்தியில் முடிக்கப் பழகுகின்றன. தைராய்டு ஹார்மோனின் செயல்படும் வடிவமான டி3-யும் சற்று இறங்குகிறது. தோராயமான கணக்கு இது: குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடல் தன் அன்றாடச் செலவில் 20 முதல் 30 கிலோகலோரியைக் குறைத்துக்கொள்கிறது, பசியோ நாளொன்றுக்குச் சுமார் 100 கிலோகலோரி அளவுக்குக் கூடுகிறது. 10 கிலோ குறைத்தவர், முன்பைவிட 200 முதல் 300 கிலோகலோரி குறைவாகச் செலவழிக்கும் உடலோடும், 1,000 கிலோகலோரி கூடுதலாகக் கேட்கும் பசியோடும் அன்றாடம் போராடுகிறார். இது ஓரிரு வாரத்தில் அடங்குவதும் இல்லை. 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், 10 வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டுக்குப் பின் ஓராண்டு கழித்தும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

எடைக் குறைப்புத் திட்டங்களில் அடிக்கடி காணும் கணக்குப் பிழையும் இங்கிருந்தே வருகிறது. 1 கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கிலோகலோரி. ஆகவே தினம் 250 கிலோகலோரி குறைத்தால் ஓராண்டில் 12 கிலோ போய்விடும் என்பார்கள். உடலின் செலவு மாறாமல் இருந்தால்தான் அந்தக் கணக்கு பலிக்கும். நிலையாகக் குறைக்கும் ஒவ்வொரு 24 கிலோகலோரிக்கும் கடைசியில் சுமார் 1 கிலோ குறையும், அதில் பாதிக்கு ஓராண்டு, மீதியில் பெரும்பகுதிக்கு மூன்று ஆண்டுகள் என்பதே உண்மைக்கு நெருக்கமானது. அதாவது 250 கிலோகலோரிக்கு முதல் ஆண்டில் 5 கிலோ. 12 கிலோவை எதிர்பார்த்தவர் 5 கிலோவைத் தோல்வி என்று எண்ணி விட்டுவிடுகிறார். உண்மையில் அவர் திட்டப்படிதான் போய்க்கொண்டிருந்தார்!

அப்படியானால் என்னதான் செய்வது? தசையைக் காப்பதே முதல் வேலை. வாரம் 2 நாளாவது எடை தூக்குவது போன்ற தசைப் பயிற்சி வேண்டும். சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் எடை குறைக்கும் காலத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் அளவில் புரதம் எடுக்கலாம். புரதம் தரும் சக்தியில் 20 முதல் 30 விழுக்காடு அதைச் செரிப்பதற்கே செலவாகிவிடும். கொழுப்பில் அது 3 விழுக்காட்டைத் தாண்டாது. குறைத்த எடையைத் தக்கவைக்க வாரம் 200 முதல் 300 நிமிட நடை போன்ற உடலுழைப்பு தேவை. தூக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. 12 இளைஞர்களை இரண்டே இரவுகள் 4 மணி நேரம் மட்டும் படுக்கவைத்த 2004-ஆம் ஆண்டு ஆய்வில், 10 மணி நேரம் படுத்த நாட்களோடு ஒப்பிட, லெப்டின் 18 விழுக்காடு இறங்கி, கிரெலின் 28 விழுக்காடு ஏறியது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் கவனிக்க வேண்டியது.

எடை ஏறினால் தைராய்டைக் குறை சொல்பவர்கள் அதிகம். தைராய்டு குறைவினால் ஏறும் எடை பொதுவாக 2 முதல் 5 கிலோ. அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனையில் சரியாக இருப்பவர் மெலிவதற்காகத் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையை விழுங்கினால் தசையும் எலும்பும் தேயும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். உண்மையிலேயே அந்த மாத்திரை தேவைப்படுபவர்கள் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் எடுத்து, 30 முதல் 60 நிமிடம் கழித்தே சாப்பிட வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மருந்து உடலில் சேராது. தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும் என்பதால், அளவை மாற்றி 6 வாரம் ஆகும் முன் டிஎஸ்எச் பார்ப்பதில் பயனில்லை. முடி வளர்வதற்கு பயோட்டின் என்ற வைட்டமினைச் சாப்பிடுபவர்கள் பரிசோதனைக்கு 2 நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். அது பல ஆய்வக முறைகளில் டிஎஸ்எச் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்; தைராக்சின் அதிகமாகிவிட்டது என்று அதை நம்பி மருத்துவர் மருந்தைக் குறைத்துவிட நேரலாம்.

இப்போது எங்கும் பேசப்படும் செமாகுளூடைட் ஊசி பற்றியும் சொல்ல வேண்டும். உடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். எளிதில் சிதையாதபடி மாற்றப்பட்ட அதன் சாயல்தான் இந்த மருந்து. அதனால் வாரம் ஒரு ஊசி போதும். 0.25 மில்லிகிராமில் தொடங்கி 4 வாரத்துக்கு ஒருமுறை படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் குமட்டலும் வாந்தியும் படுத்தும். மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் தமக்கோ குடும்பத்திலோ இருந்தவர்கள் இதைப் போடவே கூடாது. கருத்தரிக்க விரும்பும் பெண்கள் 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும். 2021-ல் வெளியான முதன்மை ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 விழுக்காடு எடை குறைந்தது. ஊசியை நிறுத்திய பின் ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதைப் போன்றதுதான் இதுவும். அதற்காக நோயாளியை யாரும் திட்டுவதில்லை.

தங்கள் நாளிதழிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். எடைக் குறைப்பு பற்றிய செய்தியையோ பேட்டியையோ வெளியிடும்போது, எத்தனை கிலோ குறைந்தது என்பதோடு, ஓராண்டு கழித்து அதில் எத்தனை கிலோ குறைந்தபடியே நின்றது என்பதையும் கேட்டு வாங்கி, பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நாளமில்லாச் சுரப்பி மருத்துவம், உணவியல் துறையினர் சிலர்