முன்சக்கரத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழைக்காலத்தில் மோட்டார்சைக்கிள் ஓட்டுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த குறிப்பைப் படித்தேன். ஈரச் சாலையில் முன்பிரேக்கைத் தொடவே கூடாது என்று அதில் எழுதியிருந்தது. இருசக்கர வாகனங்களைப் பழுது பார்ப்பதே என் தொழில். இந்த ஆலோசனை ஆபத்தானது. தயவுசெய்து திருத்தி வெளியிடுங்கள்.

பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்பக்கம் பாய்கிறது. முன்சக்கரம் தரையில் அழுந்துகிறது. பாரம் குறைந்த பின்சக்கரமோ சற்று ஓங்கி மிதித்தாலே சுழல்வதை நிறுத்திச் சறுக்குகிறது. ஆகவே வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன்பிரேக்குக்குத்தான். ஈரத்தில் பின்பிரேக்கின் பங்கு கொஞ்சம் கூடும் என்பது உண்மை. அதற்காக முன்பிரேக்கை விட்டுவிட்டால், நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் வண்டி நிற்கும். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் நடந்து 1981இல் வெளியான விபத்து ஆய்வும் இதைத்தான் கண்டது: ஆபத்து நேரத்தில் பலர் பின்பிரேக்கை மிதமிஞ்சி மிதித்துச் சறுக்கினார்கள், முன்பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை.

முன்பிரேக் ஆளைத் தூக்கி எறிந்துவிடும் என்ற பயம் வெடுக்கென்று பிடிப்பதால் வருவது. டயர் தரையில் அழுந்துவதற்குள் முழு விசையும் விழுந்தால் அது வழுக்கத்தான் செய்யும். மெல்லத் தொடங்கி, விரல்களின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஹேண்டில்பார் நேராக இருக்க வேண்டும். வளைவு வருகிறதென்றால் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறவர் ஒரு விநாடி திகைத்தாலே 17 மீட்டர் கடந்திருப்பார்.

என்னை அதிகம் வருத்துவது டயர் வாங்கும் விதம். எஞ்சினின் இழுவை பின்சக்கரத்தில் இருப்பதால் பின்டயர் சீக்கிரம் தேய்கிறது, அதை மாற்றுகிறார்கள். முன்டயரில் பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் மேடுகள், இன்னும் இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். வண்டியை நிறுத்த வேண்டிய சக்கரத்தில் இருப்பதிலேயே பழைய ரப்பர்! பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் வயதால் இறுகிப் பிடிமானத்தை இழக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. புது டயர் வாங்கும்போதும் அதைப் பாருங்கள். பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால், தண்ணீரை ஒதுக்கித் தள்ளப் போதிய பள்ளம் இல்லை. அந்த டயரைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

இளைஞர்கள் பின்னால் மட்டும் அகலமான டயர் கேட்கிறார்கள். ரிம் குறுகலாக இருந்தால் அந்த டயர் இரு பக்கமும் நெருக்கப்பட்டு, அதன் வளைவே மாறிப்போகும். வண்டியைச் சாய்த்துத் திருப்புவதும் கடினமாகும். பந்தய டயர் நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும், தெரு ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. வண்டியின் கையேட்டில் உள்ள அளவில், குளிர்ந்த நிலையிலும் ஈரத்திலும் பிடிக்கக்கூடிய சாதாரணச் சாலை டயரே போதும். பக்கவாட்டிலுள்ள அம்புக்குறி சுழலும் திசையோடு பொருந்துகிறதா என்று மாட்டி முடித்ததும் நீங்களே பாருங்கள். காற்றை வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்.

ஏபிஎஸ் இருக்கிறதே என்று சிலர் வாதிடுகிறார்கள். சக்கரம் சுழலாமல் நின்றுபோவதை அது தடுக்கும்; மொட்டை டயருக்குப் பிடிமானம் தராது.

புது டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரை திடீர்ப் பிரேக்கும் அதிகச் சாய்வும் வேண்டாம். அதன்பின் ஆளில்லாத, உலர்ந்த, சமதளமான இடத்தில் 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இரு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்திப் பழகுங்கள். கை பழகிய பிறகு அதே இடத்தில், தரை நனைந்திருக்கும்போது, இன்னும் குறைந்த வேகத்தில் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஓர் இருசக்கர வாகன மெக்கானிக்